ஜெபசீலன் சார் எழுதிய பதினான்கு மனுக்கள்

ஜெபசீலன் சாரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கு முன்னால், அவர் மேல் எனக்கிருந்த எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கடிதத்தை நான்கு தடவை அடிக்க வைப்பார். கடிதம் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. சங்கரன்கோவில் கடைக்காரருக்கு இரண்டு டஜன் புட்வால்வு லாரியில் ஏற்றியாகிவிட்டது என்று தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் போய், "இந்த ரெண்டாவது பாராவை முதல்ல கொண்டு வந்துட்டா, அவர் விஷயத்தைத் தேட வேண்டியதில்லை பாரும்மா" என்று காகிதத்தை என் மேஜையில் பைய வைத்துவிட்டு அங்கேயே நிற்பார். கோபமாகச் சொன்னால் திருப்பிக் கோபப்படலாம். இவர் கெஞ்சுவது மாதிரி சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் தாளைச் செருகுவேன்.

1991இல் பேட்டை தொழிற்பேட்டையில் இருந்த அந்த பவுண்டரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கிணற்றுக்குள் மோட்டார் குழாயின் அடியில் மாட்டுகிற புட்வால்வுதான் அங்கே வார்த்தார்கள். முதலாளி மீரா முகைதீன். ஜெபசீலன் சார் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தா. முப்பது பேர் வேலை பார்க்கிற இடத்தில் கடிதத்துக்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஒரு மாதத்தில் புரிந்துபோயிற்று.

கோவில்பட்டி வியாபாரி ஒருவர் எழுதியிருந்தார். "நீங்கள் அனுப்பியது வால்வு அல்ல, வடிகட்டி. தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது. தோட்டத்துக்காரர்கள் என் கடை வாசலில் நின்று திட்டுகிறார்கள்." முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அந்தப் பயலுக்கு எழுதும் வே! மாட்டத் தெரியாதவன்கிட்ட வித்துட்டு எங்களைக் குறை சொல்லுதீரா, உமக்கெல்லாம் எதுக்குவே யாவாரம்னு எழுதும்!"

சார் பென்சிலால் ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார். பிறகு அவர் என்னிடம் கொடுத்த வரைவு இப்படி இருந்தது: "வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை என்றும், அதனால் தோட்டத்துக்காரர்களிடம் தாங்கள் பேச்சுக் கேட்க நேர்ந்தது என்றும் அறிந்து வருந்துகிறோம். வரும் வியாழக்கிழமை எங்கள் மேஸ்திரி தங்கள் கடைக்கு வருவார். பழுதான வால்வை அதுவரை கழுவாமல் அப்படியே வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

முதலாளி படித்துப் பார்த்தார். "நான் சொன்னது இதுவா வே?"

"நீங்க சொல்ல வந்தது இதுதான் முதலாளி" என்றார் சார்.

முதலாளி அவரை முறைத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி போய்ப் பார்த்தபோது வால்வு வாயில் சாக்கு நூல் சிக்கியிருந்ததாம். அந்த வியாபாரி கடைசிவரை எங்களிடம்தான் சரக்கு எடுத்தார்.

சாருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. எதிராளியின் சங்கடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், நம் நியாயம் பிறகுதான். மாட்டேன் என்று மறுத்து எழுதினாலும், படிக்கிறவர் அடுத்து என்ன செய்யலாம் என்று கடைசியில் ஒரு வரி இருக்க வேண்டும். கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் எழுதும்போது பழைய குமாஸ்தாக்கள் வழக்கமாகப் போடுகிற 'வி பெக் டு ஸ்டேட்' அவருக்குக் கட்டோடு ஆகாது. "பிச்சை கேக்கதுக்கா பவுண்டரி நடத்துதோம்?" என்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இந்த வியாதி வீடு வரைக்கும் போயிருந்தது எனக்கு அடுத்த வருஷம்தான் தெரிந்தது. கோப்பு ஒன்றைத் தேடும்போது அவர் மேஜையில் ஒரு கார்பன் நகல் கண்ணில் பட்டது. "பொருள்: ரீபாவுக்குக் காய்ச்சல் வந்து குணமானது – தெரிவித்தல். பார்வை: தங்கள் 14.8.92 நாளிட்ட கடிதம்." கீழே, அன்புள்ள லில்லிக்கு.

சிரித்த சிரிப்பில் குடித்த காபி மூக்கில் ஏறிவிட்டது. "பெண்டாட்டிக்கு யாராவது பார்வை போட்டு லெட்டர் எழுதுவாளா சார்?"

அவர் காது மடல் சிவந்தது. "எது எதுக்குப் பதில்னு அவளுக்குக் குழம்பாதுல்லா" என்றார்.

லில்லி அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. 1986இல் வேலை கிடைத்தபோது ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று வயதுக் குழந்தை ரீபாவைப் பாளையங்கோட்டையில் சாரிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கே நல்ல தண்ணீருக்கே இரண்டு மைல் நடக்க வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் கிடையாது. சார் சமைக்கவும் தலை பின்னவும் கற்றுக்கொண்டார். ரீபாவின் இரட்டைப் பின்னல் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். கடிதத்தில் அரை அங்குலம் ஓரம் பிசகினால் பொறுக்காத மனிதர் அதை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

மாற்றல் கேட்டு லில்லி அக்காவின் பெயரில் அவர் வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு என்று மனு எழுதிக்கொண்டிருந்தார். நான் வந்த பிறகு எழுதியவற்றை நான்தான் அடித்தேன். மொத்தம் பதினான்கில் எட்டு என் கையால் அடித்தது. முதலாளிக்குத் தெரிந்தே பவுண்டரி டைப்ரைட்டரில்தான் அடிப்போம். அவருக்கும் இந்த விஷயத்தில் வருத்தம். "என்னவே, ஊருக்கெல்லாம் எழுதி காரியத்தை முடிக்கீரு, உம்ம காரியம் மட்டும் முடியமாட்டேங்கே?" என்பார்.

உண்மையில் அந்த மனுக்களைப் போல அழகான கடிதங்களை நான் பார்த்ததில்லை. முந்தைய மனுக்கள் தேதி வாரியாகப் பார்வையில் இருக்கும். எந்த அரசாணை எந்தப் பத்தியில் கணவன் மனைவியை ஒரே ஊரில் வைக்கச் சொல்கிறது என்பது இருக்கும். என் சித்தப்பா வக்கீல் குமாஸ்தா. அவரிடம் கேட்டு வந்து "இயற்கை நீதி" என்ற சொல்லைச் சேர்த்தது என் உபயம். சார் அதை வாசித்துவிட்டு, "எடுப்பா இருக்கும்மா" என்று சந்தோஷப்பட்டார். ஒவ்வொரு தடவையும் மனுவின் ஒரு நகலை லில்லி அக்காவுக்குத் தபாலில் அனுப்புவார். மே மாதம் மாற்றல் காலம். ஜூன் பிறந்ததும் பதில் இல்லை என்று தெரிந்துவிடும். அடுத்த மனுவுக்குக் குறிப்பெடுக்க ஆரம்பிப்பார்.

1995 ஜனவரியில் ஒரு நாள் பதினொரு மணிக்கு ரீபாவின் பள்ளிக்கூடத்திலிருந்து பவுண்டரிக்குப் போன் வந்தது. சார் பேசிவிட்டு, குறிப்புப் புத்தகத்தோடு என் மேஜைக்கு வந்து நின்றார். கடிதம் சொல்லப் போகிறார் என்று நான் தாளைச் செருகினேன்.

"மஹாலக்ஷ்மி, விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். திரும்ப, "விஷயம் என்னன்னா..." வார்த்தை வரவில்லை. கண் கலங்கியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. "ரீபா பெரியவளாயிட்டாளா சார்?"

தலையை ஆட்டினார். "எனக்கு என்ன செய்யணும்னு தெரியலம்மா. கொஞ்சம் வீட்டுக்கு வாறியா?"

முதலாளி அவர் காரிலேயே எங்களை அனுப்பி வைத்தார். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துணி மாற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, வெந்தயக் களி கிண்டிக் கொடுத்தேன். சார் வெளியே தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். தந்தி கிடைத்து லில்லி அக்கா மறுநாள் மதியம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு நாள் லீவு முடிந்து போகும்போது சாரிடம் சொல்லிவிட்டுப் போனாள்: இந்த மே மாதம் மாற்றல் கிடைக்காவிட்டால் ஒன்பது வருஷ வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், இனிமேல் என்னால் முடியாது.

பிப்ரவரியில் பதினான்காவது மனு போயிற்று. ஐந்து பக்கம்.

ஏப்ரலில் ஒரு நாள், நாற்பது வயது இருக்கும், ஓர் அம்மாள் பவுண்டரிக்கு வந்தாள். கையில் எங்கள் லெட்டர்பேடில் போன கடிதம் ஒன்று இருந்தது. சேரன்மகாதேவி பக்கம் அவளுடைய அப்பாவுக்குத் தோட்டம். வால்வு சரியில்லை என்று அவர் காட்டமாக ஒரு கார்டு போட்டிருந்தார், அதற்குச் சார் எழுதிய பதில்தான் அது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் தயாரானேன்.

"இந்த லெட்டரை அடிச்சது யாரு?" என்றாள்.

"நான்தான். ஏன், என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல. எம் பேரு பாக்கியவதி. நான் வெளியூர்ல கல்வி ஆபீஸ்ல வேலை பாக்கேன், லீவுக்கு வந்தேன். அப்பா இதைக் காட்டினாங்க. பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுட்டு." கடிதத்தை விரித்து விரலை வைத்தாள். எங்கள் டைப்ரைட்டரில் 'ழ' மட்டும் எப்போதும் வரியை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். "இந்த 'ழ'வை எனக்கு நல்லாத் தெரியும். எங்க ஆபீஸ்ல ஒரு டீச்சர் பைல் இருக்கு. அதுல எல்லா மனுவுலயும் இது இப்படித்தான் துள்ளிக்கிட்டு நிக்கும். 'தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கடிதத்தின் நோக்கம்'னு இதே மாதிரி முடியும். அந்த டீச்சர் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

பக்கத்து மேஜையில் சார் எழுந்து நின்றுவிட்டார். "லில்லி எம் பொண்டாட்டிம்மா."

பாக்கியவதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா சார்? வக்கீலு இல்லையா?"

"இல்லம்மா. இங்கன குமாஸ்தா."

"அய்யோ சார்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். எல்லா டீச்சர்களும் ஒரு பக்கம் அழுது எழுதுவார்கள். அதில் அலுவலகம் அதன் போக்கில் சிலருக்கு மாற்றல் கொடுக்கும். லில்லி டீச்சரின் மனுவைப் பிரித்தாலோ அரசாணை எண், பத்தி எண், இயற்கை நீதி. "இதைப் படிச்சா எந்த ஆபீசருக்கும் அடுத்தது கோர்ட்டுன்னுதான் தோணும். நாம ஒண்ணு எழுதப்போய் அதையே கோர்ட்டுல காட்டிட்டா? எதுக்கு வம்புன்னு சட்டப் பிரிவுக்கு அனுப்பிருவாங்க. அது திரும்பி வரதுக்குள்ள மே மாசம் முடிஞ்சிரும். அதுக்குள்ள உங்க அடுத்த மனு வந்துரும். பழைய மனு அத்தனையும் அதுல பார்வைன்னு இருக்கும். மறுபடியும் மொத்தக் கட்டும் சட்டப் பிரிவுக்கு. ஒன்பது வருஷமா நானேதான் சார் அந்தக் கட்டைக் கட்டி அனுப்புதேன்."

'இயற்கை நீதி'யைக் கொண்டுவந்த என் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல இருந்தது. சாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தன் எழுத்தில் அவர் எடுத்துக்கொண்ட அத்தனை சிரத்தையும் தன் பெண்டாட்டியைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறது என்று ஒருத்தி வந்து சொன்னால், மனுஷன் என்ன செய்வார்? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தார்.

"இப்ப என்ன செய்யணும்மா?" என்று கேட்டார்.

"அந்த அக்காவை ஒரு பக்கம் கைப்பட எழுதச் சொல்லுங்க. பழைய மனுவை எல்லாம் வாபஸ் வாங்குதேன்னு ஒரு வரி. ஒரு நம்பரும் வேண்டாம். தலைமையாசிரியர் கையெழுத்தோட மாசக் கடைசிக்குள்ள வந்துட்டா, புது மனுவா நான் நேரா ஆபீசர் மேஜைக்குக் கொண்டு போறேன். ஆனா சார், நீங்க அதைத் தொடக் கூடாது."

அவள் அப்பாவின் தோட்டத்துக்கு முதலாளி ஒரு புது வால்வைத் தானே தூக்கிவந்து கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை சார் பஸ் ஏறி லில்லி அக்காவின் ஊருக்குப் போனார். திங்கள்கிழமை வந்து, தலைமையாசிரியர் கையெழுத்தோடு கோடு போட்ட காகிதம் ஒன்றை என் மேஜையில் வைத்தார். அவர் கையில் திருத்துகிற சிவப்புப் பென்சில் இருந்தது.

"படிச்சுப் பாரும்மா."

படித்தேன். அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"ஐயா, எனக்கு ரீபா என்று ஒரு மகள். ஜனவரியில் அவள் பெரியவளானாள். அன்று அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது என் கணவருடன் வேலை பார்க்கும் ஒரு பெண். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். சொல்லும்போது எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதுவரை என் பெயரில் வந்த மனுக்கள் என் கணவர் எழுதியவை. அவர் ரொம்ப நன்றாக எழுதுவார். அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது நான் எழுதுவது. தயவுசெய்து என்னை வீட்டுக்கு அனுப்புங்கள்."

அன்று என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதற்கு இதுதானா அர்த்தம்! அவள் மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

சார் குனிந்து ஒரு வரியைக் காட்டினார். "இந்த 'ரொம்ப நன்றாக எழுதுவார்' மட்டும் அடிச்சிரட்டுமாம்மா? அது உண்மை இல்லல்லா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பென்சிலைப் பிடுங்கி என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். "போறும் சார்! இது அவங்க லெட்டர். உங்களுக்கு இதுல ஒரு வேலையும் கிடையாது. கவர்ல போட்டு ஒட்டுங்கோ." ஒட்டினார். பேட்டை தபாலாபீஸ் வரை நானும் கூடப் போனேன். நடுவழியில் பிரித்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

மே பத்தொன்பதாம் தேதி உத்தரவு வந்தது. பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம், வீட்டிலிருந்து நடந்தே போகலாம். முதலாளி பட்டறை முழுவதற்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். சாரும் சிரித்தார், எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் என்னை ஒரு கடிதத்தையும் திரும்ப அடிக்கச் சொல்லவில்லை. நான் தப்பாக அடித்தாலும் அப்படியே கையெழுத்துக்கு அனுப்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு தடவை அடிக்கச் சொல்லமாட்டாரா என்று இருந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லில்லி அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவர்கள் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். எனக்காகச் சைவச் சமையல். இந்த முறை என் முகத்தை நேராகப் பார்த்து, "உனக்கு எம்மேல கோவம் உண்டாம்மா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் எழுதாம இருந்திருந்தா நீ என்னைக்கோ வந்திருப்ப, லில்லி."

மனசுக்குள் பல நாளாக உருட்டிக்கொண்டிருந்தது அன்று வெளியே வந்துவிட்டது.

லில்லி அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "வந்திருப்பேன். ரெண்டாவது வருஷமே வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்திருப்பேன். புள்ளையை விட்டுட்டு அந்த ஊர்ல யாரால இருக்க முடியும்? நீங்க நகல் அனுப்புவீங்கள்லா. அதைப் படிப்பேன். எனக்காக இவ்வளவு நல்லா எழுதியிருக்காங்களே, இந்தத் தடவை யாரால இல்லைன்னு சொல்ல முடியும்னு தோணும். உடனே சேலையெல்லாம் மடிச்சு பெட்டியைக் கட்டி வச்சிருவேன். பதினாலு தடவை கட்டினேன். அது இல்லைன்னா நான் அங்கன ஒன்பது வருஷம் தாங்கியிருக்க மாட்டேன்."

ஜெபசீலன் சார் அழுதார். நாற்பத்தெட்டு வயது மனிதர், மகள் முன்னாலும் ஆபீஸ் டைப்பிஸ்ட் முன்னாலும், சோற்றில் கையை வைத்தபடியே அழுதார். லில்லி அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.